ஊமைச் சீட்டு

ஏம்மா, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல? இந்த டிக்கெட்டைக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன். என் கண்ணாடி மேல பையில மாட்டிக்கிச்சு. ரெண்டு டிக்கெட்டு இருக்கா? ரெண்டும் ஒசூர்னுதான போட்டிருக்கு?

என்னது, ஒண்ணு ஒசூரு, ஒண்ணு நாமக்கல்லா? நல்லாப் பாரும்மா. வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. நாமக்கல்லேதானா?

சரி, குடு. இதுக்குத்தான் திருச்சியிலயே தலைதலையா அடிச்சுக்கிட்டேன், டிக்கெட்ட நானே எடுக்கறேன்னு. அதோ, ரெண்டு சீட்டு தள்ளி முன்னால, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, மடியில பையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. அம்பலவாணன்னு பேரு. ரெண்டு பேரும் ஒசூருக்குப் போறோம். சேந்து உக்கார எடமில்ல, அதான் அவரு அங்க, நான் இங்க. அவரு எடுத்த டிக்கெட்டு நாலு கை மாறி எங்கிட்ட வந்துச்சு.

இதுல கூத்து என்னன்னா, மனுஷன் முப்பத்தஞ்சு வருஷம் ஆர்.எம்.எஸ்.ல கடுதாசி பிரிச்சவரு. ரயிலடி பக்கத்துல தபால் பிரிக்கிற ஆபீஸு இருக்குல்ல, அங்கதான். எந்தக் கடுதாசி எந்த ஊருக்குப் போகணும்னு பாத்துப் பாத்து அலமாரியில போடுற வேலை. "நாமக்கல் தபாலை ஒசூர் அறையில ஒரு நாளும் போடாதவரு நம்ம அம்பலவாணன்"னு ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலையைப் போட்டு மைக்குல பேசினாங்க. இப்பப் பாரு, பொண்டாட்டிக்கு ஒரு ஊரு, தனக்கு ஒரு ஊரு. வாயைத் திறந்து கேட்டிருக்க மாட்டாரு. விரலைக் காட்டியிருப்பாரு, கண்டக்டரு தன் இஷ்டத்துக்குக் கிழிச்சுக் குடுத்துட்டாரு.

என்னங்க! என்னங்க, டிக்கெட்டு தப்பா இருக்கு! உங்க டிக்கெட்டு நாமக்கல்லுனு இருக்கு!

பாத்தியா? திரும்பி ஒரு பார்வை. அவ்வளவுதான். 'ம்' கூடக் கிடையாது. நாமக்கல் வரட்டும், நானே கண்டக்டருகிட்டப் பேசி மாத்திக்கறேன். எல்லாத்துக்கும் நாந்தான் பேசணும்.

நீ எதுவரைக்கும்மா? சேலமா. தாலிக் கயித்துல மஞ்சள் இன்னும் பளிச்சுனு இருக்கே, புதுசா? நாலு மாசமா. நல்லாயிரு. உன் வீட்டுக்காரரு பேசுவாரா? சிரிப்பைப் பாரு. பேசுவாராம்ல. குடுத்து வச்சவ. எனக்கு வாய்ச்சது ஊமைச் சாமி. ஊமைனு சொல்லக் கூடாது, வாய் நல்லாத்தான் இருக்கு. சாப்பிடத் திறக்கும், கொட்டாவிக்குத் திறக்கும். என்கிட்டப் பேசறதுக்கு மட்டும் சாவி தொலைஞ்சுபோச்சு. முப்பத்தொரு வருஷமா ரெண்டு பேரு பேச வேண்டியதை நான் ஒருத்தியே பேசிக்கிட்டிருக்கேன். தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த மனுஷன் எங்க தெருவுல பெரிய நடிகரு. சிரிக்காத, நெசமாத்தான். தெருப் பிள்ளைங்க 'ஆக்டிங் தாத்தா'னு கூப்புடுதுங்க. எல்லாம் அந்த ஊமைச் சீட்டு பண்ண வேலை.

ஊமைச் சீட்டுன்னா தெரியாதா? அதுவும் சரிதான், உனக்கு எப்படித் தெரியும், எங்க தெருவுல நாங்களா வச்ச பேரு அது. இவரு ரிட்டயர் ஆன புதுசுல, எதுத்த வீட்டு ஜெசிந்தா டீச்சர் ஆரம்பிச்சாங்க. கல்யாணம் பண்ணிக்காம காலம் பூரா கணக்கு டீச்சரா இருந்தவங்க. வீட்டுல சும்மா இருக்கற நாலு குடும்பத்தையும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டி வச்சுக்கிட்டாங்க. போனை எல்லாம் வாசல்ல ஒரு கூடையில போட்டுறணும். டீ, பக்கோடா, அப்புறம் இந்த வெளையாட்டு. மொதல்ல சினிமாப் பேரு வச்சுத்தான் நடிச்சோம். ஒரே பேருல மூணு படம் வந்திருக்கு, பழசா புதுசானு பக்கத்து வீட்டுக் காதர் பாய்க்கும் கோடி வீட்டு பேங்க்காரருக்கும் சண்டை வந்து ரெண்டு வாரம் பேச்சு வார்த்தை இல்ல. அதுக்கப்புறம் டீச்சர் பழமொழினு மாத்திட்டாங்க. பழமொழிக்கு ஹீரோ கிடையாது பாரு, சண்டை வராது.

வெளையாட்டு சுலபம். சீட்டுல ஒரு பழமொழி எழுதியிருக்கும். புருஷன் பொண்டாட்டியில ஒருத்தர் சீட்டை எடுத்துப் படிச்சுட்டு, வாயைத் திறக்காம நடிச்சுக் காட்டணும். இன்னொருத்தர் ஒரு நிமிஷத்துக்குள்ள அது என்ன பழமொழின்னு சொல்லணும். நிமிஷம் முடிஞ்சா டீச்சர் விசில் ஊதுவாங்க. அப்புறம் மத்தவங்க யாரு வேணா சொல்லலாம், மார்க்கு அவங்களுக்குப் போயிரும். சரியாச் சொல்லிட்டா, நடிச்சவங்க சொன்னவங்களைப் பாத்து ரெண்டு கையையும் சேத்து ஒரு கும்பிடு போடணும். 'சரி'ங்கறதுக்கு அதான் அடையாளம். ஜெயிச்ச ஜோடிக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்.

காதர் பாய் வீட்டம்மா சபூரா வீட்டுல பதினோரு டம்ளர் சேந்துபோச்சு. அதுல பாதி எங்க வீட்டுக்காரரு நடிச்ச டம்ளரு! அதான் என் வயித்தெரிச்சலே. இவரு நடிப்பாரு, நான் சொல்றதுக்குள்ள விசில் ஊதும், அவ கண்டுபிடிச்சுருவா. எங்க வீட்டு நெல்லு, அவ வீட்டு அரிசி.

நான் சொல்லாம இருப்பேனா? சொல்லுவேன். விசில் ஊதற வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன். ஒரு தடவை கையைத் தும்பிக்கையாட்டம் ஆட்டிக்கிட்டு வந்தாரு, வந்தவரு வழுக்குன மாதிரி ஒரு ஆட்டம் ஆடினாரு. நான் 'புள்ளையாரு புடிக்கக் கொரங்காப் போச்சு'ன்னேன். 'ஆனை வரும் பின்னே'ன்னேன். 'ஆனைப் பசிக்கு சோளப்பொரி'ன்னேன். ஒரு நிமிஷத்துல பதினாலு சொன்னேன்னு காதர் பாய் எண்ணியே வச்சிருக்காரு. விசில் ஊதுச்சு. சபூரா பக்கோடாவைக் கடிச்சுக்கிட்டே, "ஆனைக்கும் அடி சறுக்கும்"னா. இவரு அவளைப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு பாரு, கோயில்ல கூட அப்படிப் போட மாட்டாரு.

இன்னொரு நாளு தத்தித் தத்தி வந்தாரு, வந்து வாயைத் திறந்து திறந்து மூடுறாரு. அதுவும் என்னையே பாத்துக்கிட்டு. அந்தக் கூட்டத்துல எல்லாரும் கப்சிப்னு உக்காந்திருக்காங்க. நான் 'கெணத்துத் தவளை'ன்னேன். தலையாட்டலை. மறுபடியும் வாயைக் காட்டுறாரு. "பல்லு வலியாங்க? கிராம்புத் தைலம் வேணுமா"னு கேட்டேன். நெசமாவே கரிசனமாத்தான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சு உருண்டாங்க. அது என்னவாம், 'நுணலும் தன் வாயால் கெடும்'. நுணல்னா தவளையாம். யாரும் பேச்சுல சொல்ற பழமொழியா அது? டீச்சர் வேணும்னே பாடப் புத்தகத்துல இருந்து எழுதிக் குடுத்திருக்காங்க.

மொதல்ல நான் என்ன நெனச்சேன் தெரியுமா? சபூராவுக்கும் இவருக்கும் நடுவுல ஏதோ ரகசிய அடையாளம் இருக்குன்னு நெனச்சேன். சீ, தப்பா எல்லாம் இல்ல. அவ அண்ணே அண்ணேனு உயிரை விடுவா. மார்க்கு விஷயத்துலதான் சந்தேகம். காதைத் தொட்டா ஒரு அர்த்தம், மூக்கைத் தொட்டா ஒரு அர்த்தம்னு பேசி வச்சிருப்பாங்கன்னு ரெண்டு வாரம் இவரு மூக்கையும் காதையும் கண்கொத்திப் பாம்பாட்டம் பாத்தேன். ஒண்ணும் சிக்கல. அப்புறம் நேரடியாவே கேட்டுட்டேன், "எப்படிடீ உனக்கு மட்டும் தெரியுது?"ன்னு. அவ சொல்றா, "ஒண்ணுமில்லக்கா, நான் அண்ணன் முகத்தைப் பாக்கறேன். நீங்க சொல்றதுக்கு முன்னாடி ஒரு பத்து எண்ணுற நேரம் சும்மா பாருங்களேன்." கேட்டியா நியாயத்தை! முப்பத்தொரு வருஷமா நான் பாக்காத மூஞ்சியா? அதுல என்ன புதுசா எழுதி ஒட்டியிருக்கு? அதுவும் இருக்கறதே ஒரு நிமிஷம், அதுல பத்து எண்ணிக்கிட்டு சும்மா உக்காந்திருந்தா மார்க்கு யாரு தருவா?

முசிறி வந்துருச்சா? அதுக்குள்ளயா. நான் பேச ஆரம்பிச்சா பஸ்ஸுக்கே றெக்கை முளைச்சுரும்.

எதுக்கு ஒசூருன்னு கேக்கலையே நீ? எங்க பையன் எழில் அங்க இருக்கான். பதினோராவது மாடி. பேரனுக்கு ஒரு வயசு. அங்க யாரும் யாருகூடவும் பேச மாட்டாங்களாம், லிஃப்டுல பாத்தா கூட தலையைக் குனிஞ்சுக்குவாங்களாம். அப்ப இவருக்கு ரொம்ப வசதின்னு நெனச்சுக்கிட்டேன். இன்னிக்கு நாங்க முன்னாடி போயி அடுப்படியை ஒழுங்கு பண்றோம். சாமானெல்லாம் அடுத்த வாரம் லாரியில. அதுவரைக்கும் வீடு போட்டது போட்டபடி இருக்கு, சாவி இவரு பையில. ஒரேயடியாப் போறதுதான். இனிமே திருச்சி இல்ல, ஞாயித்துக்கிழமை இல்ல, ஊமைச் சீட்டும் இல்ல.

கேக்காமலா முடிவு பண்ணேன்? அப்படி எல்லாம் இல்லம்மா, நான் எதையும் அவரைக் கேக்காம செய்ய மாட்டேன். ரசம் ஊத்தும்போது கேட்டேன், "எழில்கிட்டயே போயிடலாமாங்க?" பேசல. சோத்துல விரலால கோடு போட்டுக்கிட்டிருந்தாரு. மோர் ஊத்தும்போது மறுபடியும் கேட்டேன். அப்பவும் பேசல. ஒரு மனுஷி எத்தனை தடவை கேப்பா? கை கழுவிட்டு வர்றதுக்குள்ள எழிலுக்குப் போனைப் போட்டு, "அப்பாவுக்கும் சம்மதம்டா"னு சொல்லிட்டேன்.

அது இன்னிக்கு நேத்திக்கு வழக்கமில்ல. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்படித்தான். "பையனுக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கா?"ன்னு எங்க மாமா கேட்டாரு. பையன் கேசரியவே பாத்துக்கிட்டிருந்தாரு. "மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி"ன்னு எங்க மாமாதான் சொன்னாரு, அன்னிக்கே தட்டு மாத்திட்டாங்க. நல்லாத்தான குடும்பம் நடந்துச்சு? அப்புறம் நானும் அதையே புடிச்சுக்கிட்டேன். "மீசை எடுத்தா நல்லாருக்கும்"னேன், பேசல, மறுநாள் மீசை இல்ல. ரிட்டயர் ஆன பெறவு, "சைக்கிள் எதுக்கு எடத்தை அடைச்சுக்கிட்டு, பால்காரருக்குக் குடுத்துரலாமா?"ன்னேன். பேசல. குடுத்துட்டேன். அதுக்கப்புறம் மூணு நாளு காலையில எந்திரிச்சு அந்தச் சைக்கிள் நின்ன எடத்துலயே போயி நின்னாரு. எதையோ தொலைச்சுட்டுத் தேடறாருனு நெனச்சு நானும் கூட நின்னு தேடினேன், போ.

நீயும் கத்துக்கோ. புருஷன் பேசலையா, சரின்னு அர்த்தம். வேணாம்னா வேணாம்னு சொல்ல வாய் இருக்குல்ல?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன ஞாயித்துக்கிழமை டீச்சர் வீட்டுல எங்களுக்கு வழியனுப்பு விருந்து. சபூரா பிரியாணி, டீச்சர் கேக்கு, நான் அதிரசம். கடைசியா ஒரு ஆட்டம்னு ஊமைச் சீட்டு போட்டாங்க. எங்க முறை வந்துச்சு. இவரு டப்பாவுல கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தாரு, பிரிச்சாரு. படிச்சாரு, படிச்சாரு, படிச்சுக்கிட்டே இருந்தாரு. மூணு வார்த்தையப் படிக்க இவ்வளவு நேரமா? அப்புறம் நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. வந்து எனக்கு நேரா நின்னாரு.

சும்மா நின்னாரும்மா. கையை ஆட்டல, காலை ஆட்டல. ஆனையாவும் தவளையாவும் குதிச்ச மனுஷன், மரம் மாதிரி நிக்கறாரு. "ஏதாச்சும் பண்ணுங்க, நேரம் போகுது!"ன்னேன். ஒத்தை விரலை எடுத்து உதட்டு மேல வச்சாரு. வச்சுக்கிட்டு என்னையே பாத்தாரு. நான் விடுவனா? 'வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாது'ன்னேன். 'தன் கையே தனக்குதவி'ன்னேன். விரலை எடுக்கல. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாரு. "பூம்பூம் மாடு!"ன்னு கத்தினேன். பழமொழிதான் கேட்டாங்கன்னு அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. அவரு கண்ணுல தண்ணி மினுங்குச்சு. வெங்காயம் நறுக்கற எடத்துப் பக்கமா நின்னுட்டிருந்தாரு, அதான்னு நெனச்சேன்.

விசில் ஊதுச்சு. இனி யாரு வேணா சொல்லலாம். மார்க்குன்னா பறக்கற கூட்டம்மா அது. ஒருத்தர் வாயைத் திறக்கல. சபூரா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "என்னடீ, உனக்குமா தெரியல?"ன்னேன் சந்தோஷமா. அவ, "தெரியுதுக்கா. இந்த மார்க்கு எனக்கு வேணாம்"னா. இதென்ன புது மரியாதை! டீச்சர்தான் இவரு பையில இருந்து சீட்டை வாங்கிப் படிச்சாங்க. என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? எங்க மாமா சொன்ன அதே பழமொழி. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி!

எனக்கு வந்துச்சு பாரு கோவம். "ஏங்க, சம்மதம்னா தலையை மேலயும் கீழயும்ல ஆட்டணும்? நீங்க ரெண்டு பக்கமும் ஆட்டினா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? தப்பா நடிச்சுட்டீங்க"ன்னேன். அப்பத்தான் இவரு வாயைத் திறந்தாரு. அத்தனை பேரு முன்னாலயும். "இல்ல திலகா. நான் சரியாத்தான் நடிச்சேன்"னாரு.

அத்தோட சரி. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. பழமொழியோட அர்த்தமே மனுஷனுக்குத் தெரியலை பாருனு, நானே எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன். "இப்ப ஒசூருக்குப் போலாமான்னு நான் கேட்டப்ப இவரு பேசாம இருந்தாருல்ல? அதுக்குப் பேருதான் இது"ன்னேன். நல்ல உதாரணந்தான? யாரும் சிரிக்கல. டீச்சர் கேக்கு வெட்டப் போயிட்டாங்க. காதர் பாய் இவரு தோள்ல கையைப் போட்டு வாசலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. சபூரா ஓடிப்போயி ஒரு டம்ளரைக் கொண்டுவந்து இவரு கையில வச்சு, "இது உங்களோடதுண்ணே, எந்த ஊர்ல இருந்தாலும் இதுல டீ குடிங்க"ன்னா. அழுதுட்டா. எனக்கு ஒரு டம்ளரும் இல்ல, அது வேற விஷயம். அந்த டம்ளரும் வீட்டுச் சாவியும் ரெண்டு சட்டையுந்தான் இப்ப அந்தப் பையில. மேல வையுங்கன்னா கேக்கல. கொழந்தையாட்டம் மடியில வச்சிருக்காரு.

ஒரு விஷயம் சொல்றேன், யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்த ஊமைச் சீட்டுல இவரு சிரிப்பாரும்மா. பிள்ளைங்க கைதட்டுனா தலையைப் பின்னால சாய்ச்சு, கடவாய்ப் பல்லு தெரியற மாதிரி சிரிப்பாரு. மொத நாளு பாத்தப்ப யாரோ ஒரு ஆளுன்னு நெனச்சேன். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியாது. எரிச்சலா இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் சட்டையை ஆணியில மாட்டுற மாதிரி அந்தச் சிரிப்பையும் மாட்டிருவாரு. நான் மட்டும் என்ன, பேசணும்னு வேண்டிக்கிட்டா பொறந்தேன்? பதில் வராத வீட்டுல பேச்சை நிறுத்தினா செவுத்துப் பல்லிச் சத்தந்தான் கேக்கும். பயமா இருக்கும்மா. அதுக்காகத்தான் பேசறேன். பேரன் ஒருத்தனாவது 'பாட்டி'ன்னு திருப்பிக் கூப்புடுவான்ல? அதுக்குத்தான் ஒசூரு.

சரி விடு. தொட்டியம் தாண்டி எவ்வளவு நேரமாச்சு? இதான் நாமக்கல் பஸ் ஸ்டாண்டா. நல்லதாப் போச்சு, டிக்கெட்ட மாத்திரலாம். அதோ, இவரு எந்திரிக்கறாரு. டீக்கா இருக்கும். டம்ளரு இருக்குல்ல, சபூரா டம்ளரு. பையை எதுக்குத் தூக்கிட்டுப் போறாரு? வச்சுட்டுப் போனா நான் என்ன தின்னுருவனா?

என்னங்க, கண்டக்டரு கீழ நிக்கறாரு பாருங்க, டிக்கெட்டைச் சொல்லுங்க! எனக்கு டீ வேணாம்!

நம்ம ஜன்னலுக்குத்தான் வர்றாரு. கொஞ்சம் நகந்துக்கம்மா, நான் எட்டிப் பாத்துக்கறேன். என்னங்க? என்ன வேணும்? பேசுங்க, பஸ்ஸு சத்தத்துல கேக்குமா கேக்காதானு பாக்கறேன். பாத்தியா, வாயைத் திறக்கல. இங்கயும் ஊமைச் சீட்டுதான். நடுப் பஸ் ஸ்டாண்டுல கையைக் காலை ஆட்டிக்கிட்டு. பாக்கறவன் என்ன நெனப்பான்?

என்னைக் காட்டுறாரு. நானு. அப்புறம் நேரா, முன்னால... கையை மேல மேல தூக்குறாரு. உசரம்... மாடி. பதினோராவது மாடி. ஆமா, எழில் வீடு. கொழந்தையைத் தாலாட்டுறாரு, பேரன். சரிங்க, அங்கதான போறோம், அதுக்கென்ன இப்ப? தண்ணி வாங்கணுமா? கொழந்தைக்கு பிஸ்கட்டா? பாத்ரூம் போகணுமா?

இல்லையாம். இப்பத் தன் நெஞ்சைத் தொடுறாரு. கட்டை விரலைப் பின்னால காட்டுறாரு. பின்னால என்ன? வந்த வழி. எதையாச்சும் வச்சுட்டு வந்துட்டீங்களா? கேஸை அணைச்சுட்டுத்தான வந்தோம்?

ஐயோ, இரு. இரும்மா. நான் கொஞ்ச நேரம் பேசாம பாக்கறேன்.

உதட்டு மேல விரலை வச்சிருக்காரு. அன்னிக்கு மாதிரியே. தலையை ஆட்டுறாரு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வெங்காயம் இங்க எங்கம்மா இருக்கு? கண்ணு ஏன் அப்படி இருக்கு?

விசில் ஊதாதீங்க கண்டக்டரே! ஒரு நிமிஷம் இன்னும் ஆகல! ஒரே ஒரு நிமிஷம்!

என்னங்க... நீங்க பேசாம இருந்தா, சரின்னு அர்த்தமில்ல. அதான? கேசரி தின்னப்பவும், சைக்கிள் குடுத்தப்பவும், ரசம் ஊத்தினப்பவும். அப்ப நீங்க வரல. நாந்தான் ஒசூரு போறேன், நீங்க திருச்சிக்குத் திரும்பிப் போறீங்க. நீங்க வரல. அதான பழமொழி? அதானங்க?

கும்பிடு போட்டுட்டாரும்மா.

ரெண்டு கையையும் சேத்து, எனக்கே எனக்கு. நீயும் பாத்தல்ல? சபூரா இல்லாம, யாரும் எடுத்துக் குடுக்காம, விசில் ஊதறதுக்குள்ள நானே சொல்லிட்டேன். வண்டி நகருது. அவரு அப்படியே கையைக் கூப்பிக்கிட்டு நிக்கறாரு. சின்னதாகிக்கிட்டே போறாரு. இறங்கி டிக்கெட்ட மாத்தணும்னேனே, அந்த டிக்கெட்டு எங்க? இதோ, என் கையிலயேதான் இருக்கு. ஒசூரு ஒண்ணு, நாமக்கல் ஒண்ணு. கண்டக்டரு மேல பழியைப் போட்டேனே, பாவி. வாயைத் திறந்து கேட்டுத்தான் எடுத்திருக்காரு. முப்பத்தஞ்சு வருஷத்துல அந்த மனுஷன் ஊரைத் தப்பாப் பிரிச்சதே இல்லம்மா.

நான் இப்ப என்ன பண்ணட்டும்? வண்டியை நிறுத்தச் சொல்லவா? இறங்கிடவா? போகவா? ஏம்மா, நீ ஏன் பேசாம இருக்க? என்னையே பாத்துக்கிட்டு இருந்தா நான் அதை என்னன்னு எடுத்துக்கறது? எனக்கு அது வராதும்மா. வாயைத் திறந்து ஏதாச்சும் சொல்லேன்.